இரண்டாம் நாள் பாடம்

சங்கரவடிவுக்குத் தெரிந்ததெல்லாம் முதல் நாளும் மூன்றாம் நாளும்தான். இரண்டாம் நாள் தெரியாது. மூன்று நாள் பயிற்சி, சென்னையில், அரசாங்கச் செலவில். சான்றிதழில் மூன்று நாள் என்றுதான் அச்சடித்திருக்கிறது, அதைக் கண்காணிப்பாளர் ஆவுடையப்பன் சார் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அவளுடைய பணிப்பதிவேட்டில் ஒட்டியும் வைத்துவிட்டார். ஒட்டியது இனிப் பிரியாது. இன்று வெள்ளிக்கிழமை, மணி பத்து ஐம்பத்தைந்து, பதினொரு மணிக்கு அவள் வகுப்பு எடுக்க வேண்டும். திங்கட்கிழமை முதல் அந்த எடையளவு அலுவலகத்தின் நான்கு கம்ப்யூட்டரிலும் பழைய விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். பயிற்சிக்குப் போய் வந்தவர் தம் அலுவலகத்தில் நான்கு பேருக்குக் கற்றுக்கொடுத்துப் புகைப்படத்தோடு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று தலைமையிடத்து உத்தரவு. கூடவே ஒரு தாள், எட்டுப் படிகள் போட்டது. ஒன்றிலிருந்து ஐந்து வரை முதல் நாள் நடத்தினார்கள், அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏழும் எட்டும் மூன்றாம் நாள், பிரிண்ட் எடுப்பதும் தமிழில் அடிப்பதும், அதுவும் தெரியும். ஆறு. அந்த ஆறுதான். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து முப்பது தடவை வாசித்துவிட்டாள். டெர்மினலைத் திறந்து கடவுச்சொல்லை மாற்றவும், பழையதை ஒரு முறையும் புதியதை இரண்டு முறையும் அடிக்கவும், அவ்வளவுதான். அதற்காக முதலில் அடிக்க வேண்டிய ஆங்கிலச் சொல் ஒன்று அடியில் இருக்கிறது. பாஸ்வேர்டுதான், ஆனால் முழு பாஸ்வேர்டு இல்லை, நடுவில் இரண்டு எழுத்து விழுந்துவிட்டது. அச்சுப்பிழையா, இல்லை அது அப்படித்தானா? திருத்தி அடிக்கணுமா, அப்படியே அடிக்கணுமா? அடித்துப் பார்த்திருக்கலாம், ஆனால் என்ஜினியர் இன்று காலை எட்டரைக்குத்தான் வந்து நான்கையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறான், அவனிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோது பக்கத்தில் ரெஜினா நின்றாள்.

வகுப்பு பறிமுதல் அறையில். கம்ப்யூட்டர் வந்த காலத்தில் வேறு இடம் இல்லாமல் அங்கே வைத்தது, அப்படியே நின்றுவிட்டது. சுவரோரம் கடைகளில் பிடித்து வந்த தராசுகள், அடியில் குடைந்து தக்கை அடைத்த இரும்புக் கற்கள், அடிப்பாகத்தை உள்ளே தட்டிவிட்ட பால் அளவைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் கடைக்காரர் பெயர், குற்றம், தேதி. இருபது வருடமாகப் பார்க்கிற சாமான்கள்தான், ஆனாலும் இன்றைக்கு அவை அவளை ஒரு மாதிரி பார்த்தன. வெளியே மூன்று நாள் என்று முத்திரை, உள்ளே இரண்டு நாள் சரக்கு. கிலோவுக்கு அறுநூற்று அறுபத்தாறு கிராம், என்று மனசு தானாகவே சொல்லியது, ஆய்வாளர் வந்தால் அந்த இடத்திலேயே பறிமுதல். சீட்டில் என்ன எழுதுவார்கள்? சங்கரவடிவு, வயது நாற்பத்து நான்கு, உதவியாளர், எடை குறைவு. எடை குறைவு என்று யாராவது அவளைப் பற்றி எழுதினால் வீட்டுக்காரர் கோமதிநாயகம் பாயில் உருண்டு சிரிப்பார். சிரிப்பு வந்தது அவளுக்கும், வந்த சிரிப்பை ரெஜினா பார்த்துவிட்டாள், உடனே நிறுத்திக்கொண்டாள். ரெஜினா தட்டச்சர், முப்பத்தாறு வயசு, விரல் பத்தும் பத்துக் குதிரை. சென்னைப் பயிற்சிக்குத் தானே போகிறேன் என்று எழுதியே கொடுத்திருந்தாள். ஆவுடையப்பன் சார்தான், பணிமூப்பு பணிமூப்பு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வடிவின் பெயரை அனுப்பினார். அன்றிலிருந்து ரெஜினா வாயில் 'வடிவக்கா' போய் 'வடிவு மேடம்' ஆகிவிட்டது. அந்த மேடத்தில் இருக்கிற குளிர்ச்சி இருக்கிறதே, சென்னையில் அவள் உட்கார்ந்திருந்த ஏசியில்கூட அவ்வளவு இல்லை. ஏசியை நினைக்கக் கூடாது. ஏசியை நினைத்தால் ரயில் வரும்.

"ஆரம்பிக்கலாமாம்மா?" என்று கேட்டார் ஆவுடையப்பன் சார். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிற மனுஷன், புது நோட்டு ஒன்று வாங்கி, உறை போட்டு, பெயர் எழுதி, முதல் வரியில் 'வணக்கம்' என்றும் எழுதி முடித்திருந்தார், ஏனென்றால் அவள் வணக்கம் என்று சொல்லியிருந்தாள். அவருக்கு அடுத்த கம்ப்யூட்டரில் ரெஜினா. அதற்கடுத்து கள ஆய்வாளர் மைதீன் பிச்சை, சந்தையில் தராசு பிடித்துப் பிடித்துக் குரல் பெரிசாகிப் போனவர். நான்காவது ஆள் கிடைக்காமல், அலுவலக உதவியாளர் இசக்கியம்மாளை வடிவின் நாற்காலியில் உட்கார்த்தி, அவள் பெயரிலும் ஒரு கணக்குத் திறந்து வைத்திருந்தார்கள். புகைப்படத்தில் நாலு தலை வேண்டும், அவ்வளவுதான். இசக்கியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயசு. இருபத்தாறு வருடமாக இந்த அலுவலகத்துக்கு டீ வாங்குகிறவள், கோப்பு தூக்குகிறவள், கம்ப்யூட்டரைத் துடைத்திருக்கிறாளே தவிரத் தொட்டதில்லை. இன்றைக்கும் உட்காருவதற்கு முன்னால் முந்தானையால் விசைப்பலகையை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

முதல் ஐந்து படியும் வழுக்கிக்கொண்டு போயின. போக வேண்டியதுதானே, முதல் நாள் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டவள். இடதுபக்கம் இருக்கிற பட்டையில் கோப்பு, அதைத் தொட்டால் இது, இதை மூட இங்கே, என்று சொல்லச் சொல்ல அவளுக்கே தன் குரல் பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் டீச்சராகியிருக்க வேண்டியவள்தானே நான், என்ன செய்ய, அந்தப் பரீட்சை சமயத்தில் அம்மை போட்டது. "இந்தப் பறவ எதுக்கு வடிவக்கா?" என்று மைதீன் கேட்டார், திரையில் உட்கார்ந்திருந்த பெங்குயினைக் காட்டி. அது லினக்ஸோட அடையாளம். "அதான் எதுக்கு? குருவி, மயிலு, எவ்வளவு இருக்கு? நம்ம ஊருல இத எங்க பாக்க?" தெரியாது. நிச்சயமாக இரண்டாம் நாள் சொல்லியிருப்பார்கள். இந்த ஒரு மாதமாக அவளுக்குத் தெரியாத எல்லாமே இரண்டாம் நாளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருந்தன. பெங்குயின் ஏன், நாலாவது விசைக்கு என்ன வேலை, எழுத்து ஏன் சில சமயம் பொடியாகத் தெரிகிறது, பேருந்தில் மனசு ஏன் பின்னாலேயே போகிறது, எல்லாம். அந்த ஒரு நாளில் பயிற்சிக்கு வந்த அத்தனை பேரும் பெரிய ஞானிகளாகிவிட்டதாகவும், சாயங்காலம் மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது அவர்கள் முகமே மாறியிருந்ததாகவும் அவளுக்குத் தோன்றும். மூன்றாம் நாள் காலையில் வகுப்பில் பக்கத்து இருக்கைத் தருமபுரிக்காரியைப் பார்த்தபோது அப்படி ஒன்றும் மாறியிருக்கவில்லை, மூக்குச்சளிதான் பிடித்திருந்தது. வருகைத்தாள்ல உங்க கையெழுத்து கொஞ்சம் கோணல்க்கா, நான் நேரா போட்டுட்டேன், என்றாள். வடிவு அவளுக்கு ஒரு தைலப் புட்டி கொடுத்தாள். லஞ்சமா அது? "அது குளிர் தாங்கும்" என்று பெங்குயினைப் பற்றிச் சொல்லி வைத்தாள். ஆவுடையப்பன் சார் எழுதிக்கொண்டார்: குளிர் தாங்கும்.

ஆறாம் படி. டெர்மினலைத் திறப்பது வரை அவளுக்குத் தெரியும், ஒரு பொத்தானில் இருக்கிறது. நான்கு திரையிலும் கறுப்புப் பெட்டி விழுந்தது. படமும் இல்லை, பெங்குயினும் இல்லை, இருட்டில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டி மட்டும் மினுக் மினுக்கென்று. "கரெண்ட் போயிட்டோ?" என்றார் மைதீன். "போகல, இது இப்படித்தான். எல்லாரும் தாளப் பாத்து அந்தச் சொல்ல அடிங்க. ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் என்டர் தட்டணும். இல்ல, இருங்க, மொதல்ல சார் கம்ப்யூட்டர்ல நான் செஞ்சு காட்டுதேன், எல்லாரும் இங்க வாங்க." ரெஜினாவும் மைதீனும் எழுந்து வந்து ஆவுடையப்பன் சாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். சார் நாற்காலியை அவளுக்கு விட்டு எழுந்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல ஒரு பிழை இருக்கேம்மா, ரெண்டு எழுத்து விட்டுப்போச்சு" என்றார், சிவப்பு மையில் திருத்தியும் வைத்திருந்தார். பிழையா, அப்படித்தானா? இங்கேதான் ஒரு முடிவு எடுக்க வேண்டும், எடுத்தாள், எப்படி எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது, தலைமையிடம் எழுதியதை நாம் எப்போது சார் திருத்தியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு நடு விழுந்த சொல்லை அப்படியே அடித்து என்டர் தட்டினாள். கறுப்புப் பெட்டி மறுபேச்சுப் பேசாமல் பழைய கடவுச்சொல்லைக் கேட்டது. முருகா. மூச்சு விட்டாள். பழையது எல்லாருக்கும் ஒன்றுதான், தாளில் இருக்கிறது, எடை என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று நான்கு. அடித்தாள். ஒன்றும் வரவில்லை.

ஒன்றுமே வரவில்லை. எழுத்து வரவில்லை, எண் வரவில்லை, பழைய விண்டோஸில் வருமே உளுந்து உருட்டி வைத்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள், அதுவும் இல்லை. அந்த வெள்ளைக் கட்டி நின்ற இடத்திலேயே நின்று மினுக்கியது. நகரவே இல்லை. அவள் இன்னொரு தடவை அடித்தாள், கொஞ்சம் அழுத்தி. இல்லை. விசைப்பலகை போய்விட்டதா? இப்போதுதானே அந்தச் சொல்லை அடித்தோம், அது வந்ததே, அரை நிமிடத்துக்குள்ளா போகும்? சார் டீயைக் கொட்டியிருப்பாரா? அந்த ஒயர் காலில் இடறியதா, ரெஜினாவின் கால் எங்கே இருக்கிறது? சே, அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. ஆனாலும் குனிந்து பார்த்தாள், ரெஜினாவின் கால் செருப்புக்குள் சாதுவாக இருந்தது. மூன்றாவது தடவை ஒவ்வொரு விசையாகக் குத்தினாள், கொல்லையில் வெண்டைக்கு விதை ஊன்றுவது மாதிரி. பின்னால் மூன்று பேருடைய மூச்சும் கழுத்தில் பட்டது. மினுக், மினுக். இதே மாதிரிதான் அந்த ரயில் கதவுக்கு மேலே, நின்ற ஊருக்கு விளக்கு எரியும், வரப்போகிற ஊருக்கு மினுக்கும். நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தது வந்துவிட்டது. அவள் ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆலந்தூரில் விடுதி, நந்தனத்தில் வகுப்பு, நாலு ஸ்டேஷன் தள்ளி இறங்கணும், ஏறி உட்கார்ந்தாள், ஜன்னலோரம், நந்தனம் வந்தது, கதவு திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், இப்போது எழுந்திருக்கணும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே இருந்தாள், கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. சரி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பலாம் என்றிருந்தாள். அடுத்ததிலும் கதவு திறந்தது, மூடியது. குளுகுளுவென்று இருந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. துண்டு எங்க, சீப்பு எங்க, அந்தக் கோப்பு எங்கம்மா, பனியன் காயலையா, மத்தியானத்துக்கு என்ன, ஒன்றும் இல்லை, ஒரு பெண் குரல் மட்டும் அடுத்த ஊர் பெயரைச் சொல்லி, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவளிடம் எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்று முன்கூட்டிச் சொன்னதில்லை. பூமிக்குள் போனது, இருட்டு, பிறகு எங்கேயோ மேலே ஏறி வெயிலுக்கு வந்தது, விம்கோ நகர் என்றார்கள், இறங்கினாள், வெளியே போய்க் கடலை மிட்டாய் வாங்கித் தின்றாள், ஏனென்றால் உள்ளே தின்னக் கூடாது என்று எழுதியிருந்தது, மறுபடி டிக்கெட் எடுத்து ஏறினாள். விமான நிலையம். மறுபடி விம்கோ நகர். நடுவில் கோமதிநாயகம் போன் பண்ணினார். கிளாஸ்ல இருக்கியா? ஆமா, நடந்துக்கிட்டிருக்கு. யாரு பேசுதா, பொம்பளயாள் சத்தம் கேக்கு? டீச்சர். கதவு இடப்பக்கம் திறக்கும்னுல்லா சொல்லுதாங்க? அதான் பாடம், என்று அவள் சொன்னாள், விண்டோஸ் போகுதுல்லா, இனி ஜன்னல் கிடையாது, கதவுதான். அப்படியா, என்று அவர் நம்பிக்கொண்டு வைத்துவிட்டார். நம்புகிற மனுஷனிடம் பொய் சொன்னால் நாக்கு அழுகிப் போகாதா? நாக்கு அழுகவில்லை, விசைப்பலகை அழுகிவிட்டது. கடவுள் எங்கே கொண்டுவந்து வைத்துக் கேட்கிறார் பார். என்டரைத் தட்டினாள்.

உடனே இரண்டு வரி வந்தது, ஆங்கிலத்தில். மைதீன் சந்தைக் குரலில் வாசித்தார், ஒவ்வொரு சொல்லாக: "ஆதென்டிகேஷன், டோக்கன், மேனிபுலேஷன், எரர்."

மேனிபுலேஷன் என்கிற சொல் இந்த அலுவலகத்தில் விளையாட்டுச் சொல் இல்லை. இங்கே சுவரோரம் கிடக்கிற அத்தனை சீட்டிலும் அதுதான் எழுதியிருக்கிறது, தராசு முள்ளை வளைத்தவன், கல்லைக் குடைந்தவன், அளவையைத் தட்டியவன், எல்லாரும் செய்தது அதுதான். ஆவுடையப்பன் சார் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யார் பேர்ல வந்திருக்கு?" என்றார்.

"சார் கம்ப்யூட்டர்லதான் சார்" என்றார் மைதீன்.

"அப்ப என் பேர்லயா?"

"பயப்படாதிய சார், அது சும்மா..." என்று வடிவு இழுத்தாள்.

"என்னம்மா சும்மா? முப்பத்து மூணு வருஷ சர்வீஸ். எம்மேல ஒரு மெமோ கிடையாது. எட்டு மாசம் இருக்கு. இப்பப் போயி மேனிபுலேஷன்ங்கு! இது மெட்ராஸ்ல தெரியுமா? அங்க போயிருக்குமா?"

போயிருக்காது சார் என்று சொல்ல வேண்டும். போயிருக்காதா? அவளுக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை போயிருந்தால்? அங்கே ஒரு பெரிய அறையில் பெரிய திரையில் மாவட்டம் மாவட்டமாக விளக்கு எரியும், இந்த மாவட்டத்தில் இப்போது மினுக்கும், ஒரு அதிகாரி எழுந்து வருவார், யார் இது, யார் இவர்களுக்குப் பாடம் நடத்தியது, சங்கரவடிவு, அவங்க இரண்டாம் நாள் கையெழுத்தைப் பாருங்க, ரொம்ப நேராக இருக்கிறதே. பென்ஷன் கோப்பை நிறுத்தி வைப்பார்கள். ஆவுடையப்பன் சார் மகள் கல்யாணம் நின்றுபோகும், மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே, பரவாயில்லை, வேறு ஏதாவது நிற்கும். தருமபுரிக்காரியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள், சளியோடு. வடிவின் முகத்தில் ஒரு சிரிப்பு மட்டும் மாட்டின ஆணியில் நிற்கிற காலண்டர் மாதிரி நின்றது. ரெஜினா தன் இடத்துக்குப் போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். பயிற்சி உத்தரவோடு வந்திருந்த நிகழ்ச்சி நிரல். பிரதி எடுத்து வைத்திருக்கிறாள்! போகாத பயிற்சியின் நிகழ்ச்சி நிரலை ஒருத்தி எதற்குப் பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும்? அத்தனை ஆசை இருந்திருக்கிறது அவளுக்கு.

"இரண்டாம் நாள், முற்பகல்" என்று ரெஜினா வாசித்தாள். "டெர்மினல், கடவுச்சொல் மாற்றுதல், பொதுவாக வரும் சந்தேகங்கள். இதத்தான மேடம் அங்க நடத்தியிருப்பாங்க?"

அப்போதுதான் மூலையிலிருந்து இசக்கியம்மாளின் குரல் வந்தது.

"யம்மா, எனக்கு முடிஞ்சிட்டு. அடுத்து என்ன செய்யணும்?"

இவளை எல்லாரும் மறந்தே போயிருந்தார்கள். எல்லாரும் இங்கே வாங்க என்று வடிவு சொன்னபோது அவள் காதில் விழுந்திருக்கவில்லை, அப்போது அவள் இரண்டாவது எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். என்ன முடிஞ்சிட்டு? "இந்தத் தாள்ல ஆறுன்னு போட்டிருக்குல்லா, அது." நான்கு பேரும் நகர்ந்து போய் அவள் பின்னால் நின்றார்கள். கறுப்புப் பெட்டியில் கடைசி வரி: கடவுச்சொல் வெற்றிகரமாக மாற்றப்பட்டது என்று, ஆங்கிலத்தில், தெளிவாக. ரெஜினா அதை இரண்டு தடவை வாசித்தாள். மைதீன் ஒரு தடவை வாசித்தார், ஆனால் தெருவுக்கே கேட்டது.

"இசக்கியக்கா, எப்படிச் செஞ்சிய?" வடிவின் குரல் கீச்சென்று வந்தது.

"எப்படின்னா? தாள்ல உள்ளதப் பாத்து ஒவ்வொண்ணாத் தேடித் தேடி அமுக்குனேன். முடிஞ்சதும் என்டரத் தட்டுங்கன்னிய, தட்டுனேன். பழசு ஒரு தடவ, புதுசு ரெண்டு தடவ."

"நீங்க அடிக்கும்போது திரையில எழுத்து வந்துச்சா?"

"திரையவா?" இசக்கியம்மாள் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி நிமிர்ந்து பார்த்தாள். "நான் எங்க திரையப் பாத்தேன்? இந்த எழுத்தெல்லாம் வரிசையில்லாமக் கலச்சுப் போட்டுல்லா வச்சிருக்காங்க, குனிஞ்சு தேடவே நேரம் காணல. திரையப் பாக்கணுமாம்மா? பாக்கணும்னு சொல்லலியே."

பார்க்கவே இல்லை. பார்க்காததால் எழுத்து வரவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை, தெரியாததால் நிறுத்தவில்லை, நிறுத்தாததால் முடிந்துவிட்டது. வடிவுக்குள் ஒன்று மெதுவாகத் திரும்பியது, கையில் கனக்கிற பூட்டு சாவிக்குத் திறப்பது மாதிரி. அப்படியென்றால் எழுத்து உள்ளே போகிறது. தெரியாமல் போகிறது. நான் மூன்று தடவை அடித்தேன், மூன்றும் உள்ளே போயிருக்கிறது, எடை ஒன்று இரண்டு மூன்று நான்கு எடை ஒன்று இரண்டு மூன்று நான்கு எடை என்று பெரிய சரமாக, அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர், இது பழைய கடவுச்சொல் இல்லை என்று சொல்லியிருக்கிறது. பின்னால் நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிறது. எத்தனை எழுத்து என்றுகூடத் தெரியக் கூடாதென்று புள்ளியும் வைக்காமல் மறைக்கிறது. இதுதானா? இரண்டாம் நாள் பாடம் இவ்வளவுதானா? இதை ஒரு வரியில் சொல்லியிருப்பார்களே, அரை நிமிடம், அதற்கா நான் ஒரு மாதமாக ராத்திரி பகல் தெரியாமல் வெந்தேன்? இதை இப்போதே கெத்தாகச் சொல்லிவிடலாம், ஆமா, அது இப்படித்தான், உங்களைச் சோதித்துப் பார்த்தேன் என்று. வாய்க்கு வந்துவிட்டது. சார் நம்பிவிடுவார், மைதீன் நம்புவார். ரெஜினா கையில் அந்தப் பிரதி இருந்தது, நான்காக மடித்து விரித்து மடித்து விரித்து மடிப்பில் கிழியப் பார்க்கிற பிரதி.

"எனக்கு இது தெரியாது" என்றாள் வடிவு. "ரெண்டாம் நாள் நான் கிளாசுக்குப் போகல."

"உடம்புக்கு முடியலயாம்மா?" என்று சார் கேட்டார், அவளுக்கு ஒரு வழி திறந்துவிடுகிறவர் போல.

"நல்லாத்தான் இருந்தேன். மெட்ரோ ரயில்ல போனேன்."

"எங்க?"

"எங்கயும் இல்ல சார். ஏர்போர்ட்டுல இருந்து விம்கோ நகர் வரைக்கும். மறுபடி ஏர்போர்ட். அப்படியே." சொல்லும்போது அது இன்னும் மோசமாகக் கேட்டது. கோயிலுக்குப் போனேன் என்றாவது, சொந்தக்காரர் வீட்டில் சாவு என்றாவது இருந்திருக்கக் கூடாதா? "சும்மா உக்காந்து போனேன். கையெழுத்து வேற ஒரு புள்ள போட்டுச்சு."

மைதீன் சுவரோரத் தராசுகளைப் பார்த்தார். ஆவுடையப்பன் சாரின் பேனா பழக்கதோஷத்தில் நோட்டில் ஓடியிருந்தது, இரண்டாம் நாள் மெட்ரோ என்று எழுதி முடித்திருந்தார், எழுதியதைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார், பிறகு குனிந்து அந்த வரியை அடித்தார், ஒரு தடவை அடித்தால் வாசிக்கலாம் என்று குறுக்கும் நெடுக்குமாகக் காகிதம் நையும்வரை அடித்தார். "ஏசி உண்டுமாமே அதுல?" என்று மட்டும் கேட்டார்.

"உண்டும் சார்."

ரெஜினா கையிலிருந்த பிரதியின் மடிப்பை நீவினாள். பிறகு சொன்னாள், மெதுவாக, "அந்த ஒரு நாளைக்காவது என்னய அனுப்பியிருக்கலாம்லா."

"அனுப்பியிருக்கலாம்" என்றாள் வடிவு.

"எத்தன தடவ போனிய?"

"மூணு."

"மூணுதானா?" ரெஜினா பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "பொழுதன்னைக்கும் இருந்துருக்கிய. நான்னா அஞ்சு தடவ போயிருப்பேன்." கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் உதடு ஒரு பக்கம் இழுத்துவிட்டது, அதை மறைக்கச் சட்டென்று தன் கம்ப்யூட்டருக்குத் திரும்பி உட்கார்ந்தாள். "வாங்கக்கா, வந்து சொல்லிக் குடுங்க. கண்ண மூடிக்கிட்டு அடிக்கணும், அவ்வளவுதான?"

அக்கா என்றாளா? கேட்டதா, கேட்ட மாதிரி இருந்ததா? கேட்டு உறுதி செய்துகொள்ளவா முடியும், மேடமா அக்காவா என்று? வடிவு ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்றாள், ஒன்றும் தெரியாது, ஆனா உள்ள போவுது, நம்பி அடிங்க, நிப்பாட்டாதிய என்று சொன்னாள். ரெஜினா பத்துக் குதிரையையும் ஓட்டி நாலு நொடியில் முடித்தாள். மைதீன் இரண்டு தடவை புதியதை மாற்றி மாற்றி அடித்து, மூன்றாவது தடவையில் கரை சேர்ந்து, தராசு பிடிபட்ட கடைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டதைப் போலச் சத்தம் போட்டார். ஆவுடையப்பன் சார்தான் ஒவ்வொரு விசைக்கும் நிமிர்ந்து திரையைப் பார்த்தார், பார்க்காதிய சார் என்றால், எப்படிம்மா பாக்காம இருக்க, முப்பத்து மூணு வருஷமா எழுதினதை வாசிச்சுத்தான பழக்கம், என்றார். கடைசியில் மைதீன் ஒரு பழைய கோப்பை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்துக்கொள்ள, சார் அடித்து முடித்தார். வெற்றி என்று வந்ததும் அந்த இரண்டு வரி மேனிபுலேஷன் மேலே ஏறிக் காணாமல் போனதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். ஏழாம் எட்டாம் படிகளையும் முடித்துவிட்டு மைதீனின் செல்போனில் புகைப்படம் எடுத்தார்கள். படத்தில் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், இசக்கியம்மாள் மட்டும் விசைப்பலகையைப் பார்த்தாள்.

அப்புறம் ஆவுடையப்பன் சார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கோடு போட்டார். "இந்தாங்க, எல்லாரும் புதுக் கடவுச்சொல்ல இதுல எழுதுங்க. பீரோல வச்சுப் பூட்டிருதேன். நாளைக்கு மறந்து போச்சுன்னு யாரும் என்னட்ட வரக் கூடாது." அவரே முதலில் எழுதினார். மைதீன் எழுதினார். ரெஜினா யோசித்துவிட்டு எழுதினாள். தாள் இசக்கியம்மாளிடம் போனது, அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதத் தெரியலன்னா வாயால சொல்லு, நான் எழுதிக்கிடுதேன்" என்றார் சார்.

"எழுதத் தெரியும் சார். எட்டாப்பு படிச்சிருக்கேன்." இசக்கியம்மாள் எழுந்து நின்றாள், சாரிடம் பேசும்போது எழுந்து நிற்பதுதான் அவள் பழக்கம். "அதச் சொல்ல மாட்டேன்."

இருபத்தாறு வருடத்தில் இசக்கியம்மாள் அந்த அலுவலகத்தில் யாரிடமும் எதையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அவளைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாதது ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் எந்தக் கடையில் எத்தனை மணிக்குக் குடிப்பார், எந்த மகளுக்கு எந்த மாதம் பிரசவம், மூட்டுவலி எந்த முழங்காலில், எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவள் முன்னாலேயே பேசுவார்கள். சார் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு, இது என்ன முறை என்று கேட்கிறவராக வடிவைப் பார்த்தார்.

"சொல்லக் கூடாது சார்" என்றாள் வடிவு. "அவங்கவங்க கடவுச்சொல்ல அவங்கவங்கதான் வச்சிக்கிடணும். யார்ட்டயும் சொல்லக் கூடாது."

"அது பாடத்துல இருக்கா?"

"இருக்கு சார்."

"எத்தனாம் நாள்?"

"ரெண்டாம் நாள்" என்றாள் வடிவு, கண்ணை எடுக்காமல்.

ஆவுடையப்பன் சார் தாளை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நோட்டில் ஒரு வரி எழுதினார். மணி ஒன்றரை ஆகியிருந்தது, சாப்பாட்டு டப்பாக்கள் திறக்கிற சத்தம் முன்னறையிலிருந்து கேட்டது, சாரும் மைதீனும் போனார்கள், ரெஜினா வாசலில் நின்று, எனக்கு இன்னைக்கு மீன் குழம்பு, வேணுமா என்று யாரிடமோ கேட்பது மாதிரி காற்றிடம் கேட்டுவிட்டுப் போனாள். வடிவு தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாள் போகவில்லை. "யம்மா, ஒரு தடவ மூடிட்டு மறுபடி திறந்து பாக்கட்டா? மறந்துரக் கூடாதுல்லா." பாருங்க என்று வடிவு காட்டிக்கொடுத்தாள், வெளியே வந்து, மறுபடி உள்ளே போகிற இடம் வரை. அந்தக் கறுப்புப் பெட்டி மாதிரி இல்லாமல் இந்த இடத்தில் வட்டம் வட்டமாகப் புள்ளி வரும், வரும்போது பார்த்தால் எத்தனை எழுத்து என்று தெரிந்துவிடும், ஆகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பின்னால் இசக்கியம்மாள் தேட ஆரம்பித்தாள். விரல் விசைகளுக்கு மேலே அலைகிற அந்த அமைதி, பிறகு ஒரு டக். அமைதி, ஒரு டக். சுவரைப் பார்ப்பதால் காது இன்னும் கூர்மையாகிவிட்டது, என்ன செய்ய. ஆறு, ஏழு. பேரனா? அவன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஆறுதான் வரும். எட்டு. வீட்டுக்காரர் பெயர் அஞ்சு, அதை இவள் வைக்கவும் மாட்டாள். ஒன்பது. சாமி பெயரா? எண்ணக் கூடாது வடிவு, எண்ணுவதும் பார்ப்பதும் ஒன்றுதான், நீதானே சொல்லக் கூடாதென்று சொன்னாய், எண்ணாதே. பத்து. உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன மூச்சு கேட்டது, அப்படி என்னத்தை அடிக்கிறாள் இவள்? பதினொன்று. பிறகு என்டர், அது மட்டும் மற்ற எதையும்விடப் பலமாக.